சென்னைக்காரனை ஹீட்டர் வாங்கச் சொல்லும் சிக்கன வித்தகர்களுக்கு

பவளமும் மீனும் வளர்க்கக் குறைந்த செலவில் கடல்நீர்த் தொட்டி வைப்பது எப்படி என்று தமிழில் சொல்லித்தரும் காணொளிகளில் எதைத் திறந்தாலும், பொருட்பட்டியலின் நான்காவதோ ஐந்தாவதோ வரியில் தொட்டி நீரைச் சூடாக்கும் ஹீட்டர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேசுகிறவரின் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருக்கும். பின்னால் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் ஓசை கேட்கும். அவரோ 200 வாட் ஹீட்டர் கட்டாயம் என்பார். குளிர்நாட்டுக்காரர் ஒருவர் தம் வீட்டு வரவேற்பறைக்காகப் போட்ட கணக்கை அப்படியே ஒப்பிக்கிறவருக்கு, சென்னையில் மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே தொட்டி வைக்கப்போகிறவனின் பாடு எங்கே தெரியப்போகிறது? நானும் விவரம் தெரியாமல் அந்த ஹீட்டரை வாங்கினேன். அது இன்றுவரை பெட்டி பிரிக்கப்படாமல் பரணில் இருக்கிறது.

பதினைந்தாயிரம் ரூபாயில் முடித்துவிடலாம் என்று நம்பி நான் இதில் இறங்கியது சென்ற ஆண்டு தை மாதம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கொளத்தூரில் செய்து வாங்கிய கண்ணாடித் தொட்டி, ஏறத்தாழ 190 லிட்டர். கீழே சம்ப், அதாவது மேல்தொட்டியின் நீர் இறங்கி வந்து பம்ப் வழியாகத் திரும்பும் துணைத்தொட்டி, வைப்பதற்கு வீட்டிலிருந்த பழைய இரண்டடித் தொட்டி. விளக்கு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், வழிந்தோடும் குழாய் எல்லாவற்றையும் நானே செய்துகொள்வது என்று திட்டம். இப்போது வைகாசி பிறந்துவிட்டது. இந்தப் பதினாறு மாதத்தில் நான் செலவழித்தது நாற்பத்தோராயிரம். கையால் செய்ததால் மிச்சமானது எவ்வளவு, கையால் செய்ததைத் திருத்தியதில் போனது எவ்வளவு என்று என் மனைவி ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதிவைத்திருக்கிறாள். அந்த நோட்டை நான் திறந்து பார்ப்பதில்லை.

முதலில் இந்த வெயிலைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் சிக்கன வித்தகர்கள் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பவள உயிர்களுக்கு நீரின் வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சித்திரை மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு என் தொட்டியின் வெப்பமானி காட்டியது 31.5. என்னிடம் இருப்பவை ஆர்வலர்கள் ஸோவா என்று அழைக்கும் பொத்தான் பாலிப்புகள், மொத்தம் பதினொரு தலைகள். காலையில் பச்சை விளிம்போடு சட்டைப் பொத்தான்களைப் போல விரிந்திருந்தவை, அன்று மாலைக்குள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, வெந்த பட்டாணியின் தோலைப் போல மூடிக்கொண்டன. இவற்றின் திசுவுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசி, வெப்பம் மிஞ்சினால் வெளியேற்றப்பட்டுவிடும். அதன் பின் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நடந்ததும் இதுதான். கடலே தாங்காத சூட்டை 190 லிட்டர் எப்படித் தாங்கும்?

நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குவதென்றால் அதன் விலை தொட்டியின் விலையைப் போலச் சில மடங்கு. ஆகவே சிக்கனக்காரர்களின் பதில், கணினிக்குள் இருக்கும் சிறு விசிறிகளை எடுத்து நீர்ப்பரப்பின் மீது காற்று வீசும்படி மாட்டிவிட வேண்டும் என்பது. அது வேலை செய்கிறது, மறுக்கவில்லை. 190 லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் நீர் ஆவியானால் போதும். ஆனால் அறையின் சூடு இடைவிடாமல் நீருக்குள் இறங்கிக்கொண்டே இருப்பதால் விசிறியும் நிற்காமல் ஓட வேண்டியிருக்கிறது. கோடையில் நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் காணாமல் போகிறது. மாலையில் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வந்துவிட்டால், நம் உடம்பில் வியர்வை காயாதது போலவே தொட்டியிலும் ஆவியாதல் மந்தமாகி, விசிறி வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். மதுரையிலோ கோவையிலோ இருப்பவருக்கு இந்த உபாயம் நன்றாகப் பலிக்கலாம். கடலுக்கு நான்கு கிலோமீட்டர் தூரத்தில் குடியிருப்பவனுக்கு இது அரைகுறை வைத்தியம்தான்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். இழப்பை உடனுக்குடன் நல்ல நீரால் ஈடுகட்டாவிட்டால் உவர்ப்பு ஏறும். ஆயிரத்துக்கு 35 பங்கு என்று இருக்க வேண்டியது, நான் மூன்று நாள் திருமணத்துக்காகத் திருநெல்வேலி போய்வந்தபோது 38ஐத் தொட்டிருந்தது. சரி, அந்த நல்ல நீர் எங்கிருந்து வருகிறது? வீட்டு ஆர்ஓ இயந்திரம் இருக்கிறதே, செலவே இல்லை என்கிறார் ஒருவர். அவர் தம் வாழ்நாளில் ஒருமுறையாவது அந்தக் குழாயில், நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். நான் பார்த்தேன், 85 காட்டியது. குடிநீருக்குச் சுவை வேண்டும் என்பதற்காகச் சுத்திகரித்த நீரோடு கொஞ்சம் மூலநீரைக் கலந்துவிடும் திருகு ஒன்று அதற்குள் இருக்கிறது. அதை மூடி, மினரல் குடுவையைக் கழற்றி, மேற்கொண்டு எஞ்சிய உப்புகளையும் உறிஞ்சும் டிஐ ரெசின் குடுவை ஒன்றை வாங்கி மாட்டிய பிறகுதான் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. அந்தக் கழிவுநீரை வாளியில் பிடித்துத் துணி துவைப்பதும் தரை துடைப்பதுமாக வீடே என் பொழுதுபோக்குக்கு ஊழியம் செய்கிறது.

கடல்நீரையே கொண்டுவரலாமே, இலவசம்தானே என்று கேட்பவர்கள் தனி ரகம். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத்து நீரை முகர்ந்து பார்த்துவிட்டு வந்து அவர்கள் என்னோடு பேசட்டும். படகில் உள்ளே போய் எடுத்துவருவதற்கு ஆள் பிடித்தாலும், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கடலின் உவர்ப்பு இறங்கிவிடும். முடிவில் நான் செயற்கை உப்புதான் வாங்குகிறேன். தொட்டியை முதல்முறை நிரப்பவே ஏழு கிலோவுக்கு மேல் ஆனது.

இனி அந்த ஆனி மாதத்து இரவு. கண்ணாடியில் துளை போடுவதற்குப் பயந்து, பிவிசி குழாய்களையும் எல்போக்களையும் ஒட்டி, தொட்டியின் விளிம்பைத் தாண்டி நீரைச் சம்புக்கு இறக்கும் சைஃபன் ஒன்றைச் செய்திருந்தேன். முந்நூறு ரூபாய் கூட ஆகவில்லை என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசியதும் உண்மை. இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. இருபது நிமிடம் கழித்து வந்தது. நின்றிருந்த நேரத்தில் வளைவுக் குழாயின் உச்சியில் காற்று புகுந்து தேங்கிவிட்டதால், மின்சாரம் திரும்பியதும் பம்ப் மட்டும் தன் கடமையில் தவறாமல் சம்பிலிருந்த நீரை மேலே அனுப்பிக்கொண்டே இருந்தது. இறங்க வழியில்லாத நீர் வரவேற்பறைக்கு வந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து லிட்டர். விடியற்காலை ஐந்தரைக்குக் கீழ்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, "தம்பி, பூஜை அறையில மேலேருந்து தண்ணி சொட்டுது. வாயில பட்டுது, உப்புக் கரிக்குது. பாத்ரூம் தண்ணி இல்லையே?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தக் கூரைக்குப் பூச்சு வேலை செய்து வெள்ளையடித்துக் கொடுத்த தொகை, சில்லரின் விலையில் கால்வாசி.

திருப்பியனுப்பும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும், சைஃபனை முறிக்க அதில் ஒரு சிறு துளை இருக்க வேண்டும், மின்சாரம் நின்றால் இறங்கிவரும் நீரைத் தாங்கும் அளவுக்குச் சம்பில் இடம் விட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அவற்றைச் செய்தும் இருந்தேன். மின்சாரம் திரும்பும்போது என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை, மின்வெட்டே இல்லாத ஊரில் எழுதப்பட்ட பாடத்தில் அது ஏன் இருக்கப்போகிறது? இன்வெர்ட்டரிலிருந்து பம்புக்குத் தனி இணைப்பு இழுத்ததும், ஈரக்கையோடு தொடும் இடம் என்பதால் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி போட்டதும் பிறகு சேர்ந்த செலவுகள். இரண்டாவதை மட்டும் முதல் நாளே செய்திருக்க வேண்டும். அந்த விஷயத்தில் குற்றம் என்னுடையதுதான்.

ஹார்டுவேர் கடைகளில் நான் ஏமாந்த கதை இன்னொன்று. பளபளவென்று குரோம் பூசிய வால்வு ஒன்றை, "சார், இது எஸ்எஸ், ஆயுசுக்கும் துருப்பிடிக்காது" என்று ஒரு கடைக்காரர் கையில் கொடுத்தார். மூன்றே மாதத்தில் பூச்சு உரிந்து, உள்ளே பித்தளை, அதன் விளிம்பில் களிம்பேறிய ஒரு பச்சை. பித்தளையில் இருப்பது தாமிரம். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் மருந்தாகப் பயன்படும் அதே தாமிரம், இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. கண்ணாடியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நத்தைகள் ஒரே வாரத்தில் மணலில் மல்லாந்து கிடந்தன. பக்கத்துக் கடையில் விற்ற சிலிக்கான் பசையோ குளியலறைக்கானது, பூஞ்சைக்கொல்லி கலந்தது. நல்லவேளையாகக் குழலின் பின்புறத்துப் பொடியெழுத்தைப் படித்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று உருப்படியாக நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குள் வைப்பதற்கு உயிர்ப்பாறை என்ற பெயரில் பவளக்கல்லை மலிவாகத் தருவதாகச் சிலர் காதோடு காதாகச் சொன்னார்கள். பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தது போதாதா? ஆகவே சிமெண்ட், நொறுக்கிய கிளிஞ்சல், கல் உப்பு மூன்றையும் பிசைந்து ஈரமணலில் வார்த்தேன். உப்பு கரைந்து போன இடமெல்லாம் பொந்துகளாக, பார்வைக்கு நிஜப் பாறையைப் போலவே வந்தது. சிமெண்டின் காரம் இறங்குவதற்காக எட்டு வாரம் மொட்டைமாடி டிரம்மில் ஊறப்போட்டு நீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். "உளுந்து ஊறவைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன், கல்லை ஊறவைக்கிறவனை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் அம்மா. பாறைக்கு ஆன செலவு அறுநூறு ரூபாய். இந்தக் காத்திருப்பைக் காணொளிக்காரர்கள் மூன்று நொடி வேகக்காட்சியில் முடித்துவிடுகிறார்கள்.

மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் மூன்று வாட் எல்இடி மணிகளும் அவற்றுக்கு மின்சாரம் தரும் டிரைவரும் வாங்கி, அலுமினியச் சட்டத்தில் பொருத்திய விளக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல்முறை அலங்கார நீலத்தை வாங்கிவிட்டு, பிறகு பவளத்துக்கு வேண்டிய 450 நானோமீட்டர் நீலத்தைத் தேடி அலைந்தேன். பம்ப், அலையெழுப்பி, விசிறி, விளக்கு எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் இழுக்கின்றன. கோடையில் ஏசியும் ஓடும் வீட்டில் இது சேர்ந்து 500ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. எந்தச் சிக்கனப் பட்டியலிலாவது மின்கட்டணம் என்று ஒரு வரியைப் பார்த்திருக்கிறீர்களா?

பதினொரு தலைகளில் ஏழு பிழைத்திருக்கின்றன. பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஜோடி ஒன்றும் நலமாக இருக்கிறது. பரணில் இருக்கும் அந்த 200 வாட் ஹீட்டரைப் பாதி விலைக்குத் தர ஆயத்தமாக இருக்கிறேன். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குடியிருப்பவர்கள் மட்டும் கேட்கவும்.