ட்ரெயின் போல்ட்டை இப்படியா இறுக்குறது?

பைக்குக்கு இன்ஜின் ஆயில் மாத்த உட்கார்ந்தா, பழைய ஆயிலை வடிக்க அடியில இருக்குற ட்ரெயின் போல்ட்டோட ஆறு பட்டையும் மழுங்கி மாத்திரை மாதிரி உருண்டையா இருக்கு. 17 நம்பர் போல்ட்டுல 18 ஸ்பேனரைப் போட்டு மிதிச்சா வேறென்ன ஆகும்? போல்ட்டு இரும்பு, இன்ஜின்ல இருக்குற மரை அலுமினியம். சின்ன பைக்குக்கெல்லாம் 20லிருந்து 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, இறுக்க அவ்வளவுதான் கணக்கு.

சரி, அவிழ்க்கணுமே! ஏற்காட்டு மலையில 20 கொண்டை ஊசியும் ஏறி வந்த சூட்டோட கை வச்சா தோல் உரிஞ்சிரும். வெதுவெதுப்பா ஆறட்டும். பன்னிரண்டு பட்டை சாக்கெட் வழுக்கும். ஆறு பட்டை சாக்கெட்டைச் சுத்தியலால தட்டி இறக்குங்க. 17 சுத்துனா 16ஐ அடிச்சு ஏத்தணும். அதுக்கும் மசியலைன்னா வைஸ் கிரிப், அதாவது கவ்விப் பூட்டிக்கிற பிளையர். கடைசியா, உளியைத் தலையோட ஓரத்துல சாய்ச்சு வச்சு இடஞ்சுழியாத் தட்டுங்க. இடஞ்சுழின்னா வண்டிக்கு அடியிலிருந்து பார்க்கும்போது! மேலேயிருந்து குனிஞ்சு பார்த்துக் குழம்பி, இன்னும் இறுக்கி வைக்கிற மகராசனுங்க எத்தனை பேரு.

மரையும் சேர்ந்து வந்துட்டா லேத்துப் பட்டறைக்குப் போய் ஹெலிகாயில், அதாவது புது மரையா உட்கார்ற கம்பிச்சுருள் போடணும். இத்தனையும் எதுக்கு? நசுங்கின பழைய வாஷரையே திரும்பப் போட்டுட்டு, ஒழுகுது ஒழுகுதுன்னு முறுக்கினதுக்கு. ஒரு டீக்காசு வாஷருங்க அது!