பாபி ஓரை முடக்கியது இடது முழங்கால்

வேகமாக முன்னேறி ஆடியதுதான் ஐஸ் ஹாக்கித் தடுப்பாட்டக்காரர் பாபி ஓரின் முழங்காலைக் கெடுத்தது என்கிறது அவரைப் பற்றிய ஒரு கட்டுரை. பாதிதான் சரி. பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தானே கொண்டுபோகும் தடுப்பாட்டக்காரருக்கு அடி அதிகம் விழும், உண்மை. ஆனால் அன்றைய சிகிச்சையையும் பார்க்க வேண்டும். முழங்கால் குருத்தெலும்பு கிழிந்தால் மூட்டைத் திறந்து வெட்டி எடுத்துவிடுவார்கள். சிறு துளை வழியே செய்யும் நுண்துளைச் சிகிச்சை (ஆர்த்ரோஸ்கோபி) அப்போது பரவலாகவில்லை. மெத்தை போன்ற அந்தக் குருத்தெலும்பு போனபின், நாளடைவில் எலும்போடு எலும்பு உரசும். பின்னோக்கிச் சறுக்கிச் சட்டெனத் திரும்பும்போது முழு எடையும் அந்த ஒற்றைக்காலில்தான் இறங்கும்.

1970-71ல் பாஸ்டன் அணிக்காக 139 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து) எடுத்தவர், 1975-76ல் ஆடியது வெறும் 10 ஆட்டம். அந்தக் காலோடு 1976 கனடா கோப்பை சர்வதேசப் போட்டியில் சிறந்த வீரரானாரே, அதைக் கட்டுரை விட்டிருக்கக் கூடாது! பிறகு சிகாகோ அணியில் 26 ஆட்டம். 1978ல், 30 வயதில் ஓய்வு.