உரம் விற்று உரத்தொழில் ஓடாது

பெங்களூரில் அடுக்ககங்களின் ஈரக்கழிவை உரமாக்கும் தொழிலில் இறங்க நினைக்கும் தம்பி தங்கைகள் போடும் கணக்கு பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறது. உரம் விற்று வருமானம் வரும் என்று நம்புகிறார்கள்.

நாளுக்கு 100 கிலோ ஈரக்கழிவு என்றால் மாதம் 3,000 கிலோ. ஈரம் வற்றி, மக்கி, சலித்தபின் கையில் நிற்பது சுமார் 600 கிலோ. கிலோ 10 ரூபாய்க்கு விற்றாலும் 6,000 ரூபாய்தான். ஒரு ஆளின் சம்பளத்துக்கே காணாது. குப்பை நாறாமல், லாரி ஏறாமல், வளாகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறதே, அந்த வேலைக்குத்தான் காசு. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் பேசுங்கள். 2016 திடக்கழிவு விதிகள் நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் தனி வகையாகப் பிரித்தன. முதல் வாடிக்கையாளரை அங்கே தேடுங்கள்.

அடுத்தது காய்ந்த இலை. இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி இலை வேண்டும். இந்த ஊரில் புங்கனும் தூங்குமூஞ்சியும் இலை கொட்டுவது தை மாசியை ஒட்டித்தான். தெருவோரம் கொளுத்துகிறார்களே, அந்த இலையை அப்போதே மூட்டை கட்டி, நனையாத இடத்தில் அடுக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் மழைக்காலத்தில் தென்னை நார்த்தூளைக் காசு கொடுத்து வாங்குவீர்கள். அது லேசில் மக்காது. உரத்தில் தூளாகவே கிடக்கும்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் சூடேறும். நடுவில் 55 டிகிரி தாண்டிச் சில நாள் நிற்க வேண்டும். களை விதையும் கிருமியும் அதில்தான் சாகும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றுப் போகவில்லை: கிளறி, இலை சேருங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் இலை போதவில்லை. மீந்த சோறும் குழம்பும் மொத்தமாக விழும் பண்டிகை மறுநாள்தான் குவியல் கெடும். அன்றைக்கு இலையைக் கூட்டுங்கள். வெள்ளைப் புழுவைப் பார்த்துக் குடியிருப்போர் அலறுவார்கள். அது பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழு, கெடுதல் செய்யாது. ஆனாலும் மேலே இலை போர்த்துங்கள். ஒரு புகார் போதும், ஒப்பந்தம் போய்விடும்.

24 மணி நேரத்தில் உரம் என்று மின் இயந்திரம் விற்க வருவார்கள். அது கழிவை உலர்த்திப் பொடியாக்குகிறது, அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் மறுபடி அழுகும். அந்தப் பணத்தில் இலை அரைக்கும் இயந்திரமும் நல்ல சல்லடையும் வாங்குங்கள். எந்த உரமானாலும் ஈரமாக ஒரு பையில் மூன்று நாள் கட்டி வைத்துத் திறந்து பாருங்கள். நாறினால் இன்னும் முதிரவில்லை. செடிக்குப் போட்டால் வேர் கருகும்.

பெங்களூரின் குப்பை கொட்டப்பட்ட மண்டூர் கிராமத்து மக்கள் 2014-ல் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அங்கே குப்பை கொட்டுவது நின்றது. நம் குப்பையை இன்னோர் ஊரில் தள்ளிவிடாமல் இருக்கத்தான் இந்தத் தொழில். அதைச் சுமக்கும் கைகளும் அப்படியே முக்கியம். இந்நகரில் குப்பை பிரிப்பவர்களில் தமிழும் தெலுங்கும் பேசுபவர்கள் நிறையப் பேர். கையுறை, பூட்ஸ், டெட்டனஸ் ஊசி, வார விடுமுறை எல்லாம் கட்டணத்துக்குள்ளேயே வர வேண்டும். சானிட்டரி நாப்கினும் கண்ணாடியும் கலந்த வாளியை எடுக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பேரம் பேசுவார். உரம் முழுவதையும் சங்கத்துக்கே இலவசமாக விட்டுக்கொடுங்கள். சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.