பவுடர் டப்பாவும் அம்மாவின் முட்டியும்

போன வாரம் ஊருக்குப் போனபோது சமையலறை அலமாரியில் காபித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய டப்பா. பட்டாணிப் புரதத்தோடு அமுக்கரா (அஸ்வகந்தா) சாறு கலந்த பவுடராம், 2,400 ரூபாய். சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க். "சதை பிடிக்குமாம்டா" என்றார் அம்மா. வயது 72. டப்பாவில் பாதி காலி. நாற்காலியிலிருந்து எழ மட்டும் இன்னமும் இரண்டு கையையும் தொடையில் ஊன்ற வேண்டியிருக்கிறது.

அமுக்கராவைக் குறை சொல்லவில்லை. சித்த மருத்துவத்தில் காலங்காலமாக இருப்பதுதான். ஆனால் அது தசையை வளர்க்கும் என்பதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் 2015 ஆய்வு, 18 முதல் 50 வயது ஆண்களிடம் நடந்தது. அவர்களும் எட்டு வாரம் எடை தூக்கினார்கள். அம்மா தூக்குவது ரிமோட்டை. தவிர, அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும், சிலருக்குக் கல்லீரலையும் பதம் பார்த்திருக்கிறது. தைராய்டு மாத்திரை போடுகிறவர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேரிடம் செய்த ஆய்வு 1994இல் வெளியானது. சராசரி வயது 87. சிலருக்கு எடைப் பயிற்சி, சிலருக்குச் சோயா புரதம் கலந்த சத்துபானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களின் தசை பலம் சராசரியாக 113 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி இல்லாதவர்களுக்கு வெறும் 3. பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் ஏறவில்லை. எண்பத்தேழு வயதில் இரண்டு மடங்கு பலம்! இதை ஏன் எந்த லிங்க்கும் சொல்வதில்லை என்று தெரியவில்லை. விற்க டப்பா இல்லையே, அதனால் இருக்கலாம்.

அதற்காகப் புரதமே வேண்டாம் என்றில்லை. வயதாக ஆகத் தசைக்குக் கொஞ்சம் காது மந்தம். இளவயதில் போதுமாக இருந்த புரதம் இப்போது போதாது. தசைக்குச் சேதி சொல்லும் லூசின் என்ற அமினோ அமிலம் பருப்பு, பயறுகளில் பால் புரதத்தைவிடக் குறைவு. ஆக, சைவக்காரர்கள் அளவைத்தான் கூட்ட வேண்டும். முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் என்கிறார்கள். 55 கிலோ அம்மாவுக்கு 55 முதல் 66 கிராம். காலையில் இரண்டு இட்லி, மதியம் தண்ணீராக ஓடும் சாம்பார், ராத்திரி மோர்சாதம் என்றால் எங்கிருந்து வரும்? கொண்டைக்கடலை சுண்டல், மீல்மேக்கர், கெட்டித் தயிர் என்று ஏற்றியிருக்கிறோம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் இதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் பயிற்சி. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னேன். முதல் இரண்டு முறை என் விரலைப் பிடித்துக்கொண்டார். ஆறு வரை வந்தது. ஏழாவதுக்கு "போடா, பருப்பு அடிபிடிக்குது" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

நேற்று போன் செய்தேன். எட்டு ஆகிவிட்டதாம். டப்பா, டாக்டரைப் பார்க்கும் வரை மூடியே இருக்கிறது. "காசு போச்சேடா" என்ற புலம்பல்தான் இன்னும் ஓயவில்லை.