யூடியூப்பில் இருந்தால் போதுமா?

எங்கோ ஒரு பழைய ஆல்பம் மறுவெளியீடாக வந்திருக்கிறது என்று உற்சாகமாகச் சொன்னால், நண்பர்களிடம் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருக்கிறது. "அதான் யூடியூப்பில் இருக்கே, அப்புறம் எதுக்குங்க?" காசு போட்டு வாங்குகிறவரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நம்ம கொங்குப் பக்கத்துப் பாட்டுகளை நினைத்தால் சுத்தமாக முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வங்காளப் பெண்ணின் கதை. ரூபா பிஸ்வாஸ் இளம் வயதில் கனடா போயிருந்தபோது, கால்கரி நகரில் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். சரோத் என்ற தந்திக் கருவியின் மேதை ஆஷிஷ் கான் அதில் வாசித்திருக்கிறார். டிஸ்கோ தாளம், கிடார், நடுவில் சரோத், மேலே வங்காளியிலும் இந்தியிலும் பாட்டு. 1982இல் 'டிஸ்கோ ஜாஸ்' என்ற பெயரில் இந்தியாவில் வெளிவந்தது. விற்கவில்லை. ரூபாவும் அதை அப்படியே விட்டுவிட்டார். பல வருடம் கழித்து யாரோ அதை யூடியூப்பில் ஏற்ற, லட்சக்கணக்கான பேர் கேட்டார்கள். உலகத்தில் எங்கெங்கோ ஆடினார்கள். பாடியவருக்கு இது எதுவும் தெரியாது. மகன் இணையத்தில் தேடிப் பார்த்துத்தான் வீட்டுக்கு விஷயம் வந்தது. 2019இல் சிகாகோவின் நியூமெரோ குரூப் என்ற இசை நிறுவனம் அதை முறைப்படி மறுவெளியீடு செய்தது. அதற்கப்புறம்தான் அவர் முகம் செய்தித்தாளில் வந்தது, பேட்டி எடுத்தார்கள், யார் அந்த ரூபா என்று நமக்கெல்லாம் தெரிந்தது.

யூடியூப்பில் அது முன்பே இருந்தது. அது இருந்ததால்தான் ஆல்பம் பிழைத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் கேட்டும் பாடியவரின் வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை. மறுவெளியீட்டுக்காக வந்தவர்கள்தான் தட்டினார்கள். எனக்கு மறுவெளியீட்டின் அளவுகோல் இதுதான்: பாட்டு பாடியவரிடம் திரும்பிப் போனதா?

இன்னொருவர், எத்தியோப்பியாவின் ஹைலு மெர்ஜியா. எழுபதுகளில் அடிஸ் அபாபாவின் ஹோட்டல் மேடைகளில் வாலியாஸ் பேண்டில் கீபோர்டு வாசித்தவர். அமெரிக்காவுக்குக் குடியேறியபின் 1985இல் அக்கார்டியன், சிந்தசைசர், எலக்ட்ரிக் பியானோ, டிரம் மெஷின் எல்லாவற்றையும் வைத்து ஒற்றை ஆளாக ஒரு கேசட் செய்தார். அப்புறம் வாஷிங்டன் விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டப் போய்விட்டார். சவாரிக்குச் சவாரி இருக்கும் இடைவெளியில் பின்சீட்டில் உட்கார்ந்து சின்ன கீபோர்டில் வாசித்துக்கொள்வாராம். பஹிர் தார் என்ற ஊர்க் கடையில் அந்தக் கேசட்டைக் கண்டெடுத்தவர் பிரையன் ஷிம்கோவிட்ஸ். ஆப்பிரிக்கக் கேசட்டுகளை மறுவெளியீடு செய்கிற அவருடைய நிறுவனம் லாபத்தைக் கலைஞரோடு பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்கிறது. 2013இல் கேசட் திரும்ப வந்தது. மெர்ஜியா மேடைக்குத் திரும்பினார், 2018இல் புதிதாக ஒரு ஆல்பமே போட்டார். இந்தக் கதையை நான் நம்ம ஊரில் யாரிடமாவது சொல்லாத மாதம் இல்லை. ஏனென்றால் அது ஒரு சாதாரணக் கேசட். ஸ்டுடியோ மாஸ்டர் டேப், பெரிய கம்பெனி என்று எதுவும் இல்லை. நம்ம வீட்டுப் பரணில் கிடக்கிறதே, அதே பிளாஸ்டிக் கேசட்.

சரண்ஜித் சிங்கையும் விட்டுவிட முடியாது. இந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். புதிதாக வந்த ரோலண்ட் கம்பெனியின் மின்னணு இசைக் கருவிகளை வாங்கி, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982இல் பதிவு செய்தார். அன்றைக்கு யாரும் சட்டை செய்யவில்லை. சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற இசை பிறந்தது அதற்குச் சில வருடம் கழித்து, அவர் பயன்படுத்திய அதே டிபி-303 கருவியை வைத்து. நெதர்லாந்துக்காரர் ஒருவர் டெல்லியில் அந்தத் தட்டைப் பார்த்து, மும்பையில் அவரைத் தேடிப் பிடித்து, 2010இல் மறுவெளியீடு செய்தார். எழுபது வயதுக்கு மேல் அந்த மனிதர் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார். 2015இல் காலமானார். அந்தக் கடைசி ஐந்து வருடம் அவருக்குக் கிடைத்ததே, அதை எந்த யூடியூப் இணைப்பாலும் கொடுத்திருக்க முடியாது.

நம்ம தமிழுக்கும் இப்படி நடந்திருக்கிறது. இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான சிந்தசைசர் பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து 'சொல்ல சொல்ல' என்று ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தது இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற இசை நிறுவனம். நல்ல தேர்வு. நாம் படத்தோடும் நடிகரோடும் சேர்த்தே கேட்டுப் பழகிய பாட்டுகளை வெறும் ஒலியாகக் கேட்டால் எவ்வளவு துணிச்சலான வேலை என்று அதில் தெரிகிறது. பொதுவாக வெளிநாட்டுத் தொகுப்புகள் சிலவற்றில் நம் இசையை ஒரு வேடிக்கைப் பொருளாகக் காட்டும் தொனி வந்துவிடும், அது எனக்குப் பிடிக்காது. ஆனால் அதற்கு அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? அந்த வேலையை நாம் செய்யவில்லை. வி. குமார், விஜயபாஸ்கர், ஷியாம் என்று அதே காலத்தில் வேலை செய்த எத்தனையோ இசையமைப்பாளர்களை இப்படித் தொகுத்து நான் பார்த்ததில்லை.

சரி, கொங்குக்கு வருகிறேன்.

கொடுமுடியில் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். நம்மில் பெரும்பாலோருக்கு அவர் 'திருவிளையாடல்' படத்து ஔவையார், அவ்வளவுதான். அதற்கு முப்பது வருடம் முன்பே, 1935இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியவர். அதற்கும் முன்னால் நாடக மேடை, கிராமபோன் தட்டுகள், காந்தியைப் பற்றிய பாட்டுகள். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும் தட்டில், மைக் இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாடிப் பழகிய குரலை அவர் எப்படி அடக்கினார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் அது சரியாகக் கேட்பதில்லை. 78 தட்டின் பள்ளம் அகலமானது. எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசியை அதில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து உருண்டு கரகரவென்று வரும். அந்தச் சத்தத்தை அப்புறம் கணினியில் துடைக்கப் போய், குரலின் மேல்ஸ்தாயி எல்லாம் சேர்ந்து போய்விடும். சரியான ஊசி, நல்ல நிலையில் இருக்கும் ஒரு தட்டு, பொறுமையான ஒரு ஆள் இருந்தால் போதும். அவருடைய ஆரம்பகாலத் தட்டுகளை வரிசைப்படி, தேதியோடு, பக்கவாத்தியக்காரர் பெயரோடு ஒரு பெட்டியாகப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதே கோயம்புத்தூரில்தான் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது, ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ இருந்தது. எஸ். எம். சுப்பையா நாயுடு இங்கே உட்கார்ந்து இசையமைத்தார். எம். எஸ். விஸ்வநாதன் இங்கேதான் எடுபிடியாக இருந்து தொழில் கற்றார். கோவையில் உருவான பாட்டுகள் என்று ஒரு தொகுப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

இவையாவது சினிமா. எனக்கு உண்மையான கவலை கேசட்டுகள்தான்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கொங்கு ஊர்களில் மாரியம்மன் நோம்பி என்றால் மைக்செட்டில் உடுக்கைப் பாட்டுக் கேசட் ஓடும். பொன்னர் சங்கர் சகோதரர்களைப் பற்றிய அண்ணமார் கதை, கும்மி, காவடிப் பாட்டு, பெரிய மேளம், அங்கங்கே சின்னச் சின்னக் கம்பெனிகள் போட்டவை. சில கேசட்டுகளுக்குக் கம்பெனி பெயர்கூடக் கிடையாது, ரெக்கார்டிங் சென்டர்க்காரரே பிரதி எடுத்து விற்றிருப்பார். உடுக்கையின் நடுவில் இருக்கும் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் ஒரே கருவியில் சுருதியை வளைக்கிறார்கள். பாடுகிறவர் பேச்சிலிருந்து பாட்டுக்கு, பாட்டிலிருந்து அழுகைக்கு எங்கே தாண்டினார் என்று பிடிக்க முடியாது. பின்பாட்டுக்காரர் குறுக்கே கேள்வி கேட்டுக் கதையைத் திருப்புவார். அண்ணமாரின் பெற்றோர் குன்றுடையான், தாமரை காலத்தில் தொடங்கி, அவர்கள் போரில் விழுந்த படுகளம் வரை இரவு இரவாகப் போகும் அண்ணமார் கதை. துணிச்சலான இசை என்று உலகம் எதையெல்லாமோ தேடுகிறது. அந்த வரிசையில் இதை வைக்க நான் ஒரு நொடிகூடத் தயங்க மாட்டேன்.

இந்தக் கேசட் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். முன்னால் சாமி படம். கீழே கம்பெனி பெயர், விலை. பாடியவர் பெயர் சில சமயம் இருக்கும். உடுக்கை அடித்தவர், பின்பாட்டுப் பாடியவர், மேளம் வாசித்தவர் எல்லாம் "குழுவினர்" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுவார்கள். அண்ணமார் கதை யாருக்குச் சொந்தம் என்று நம்ம பக்கம் எவ்வளவு பேச்சு, எவ்வளவு பெருமை! அந்தக் கதையை விடிய விடியப் பாடிக் காப்பாற்றியவர் பெயரைக் கேட்டால் பதில் இல்லை. மேளக்காரர்களுடைய பெயர் ஏன் அட்டையில் வரவில்லை என்பதற்குச் சாதி ஒரு காரணம் என்பதையும் மென்று முழுங்காமல் சொல்லிவிட வேண்டும்.

பெயர் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஒரு சாட்சி இருக்கிறது. 1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணமார் கதையைப் பல இரவுகள் டேப்பில் பதிவு செய்தார். பாடியவர்கள் ராமசாமி, பழனிச்சாமி. அது தமிழும் ஆங்கிலமுமாக 1992இல் சென்னையில் இரண்டு தொகுதியாக அச்சில் வந்தது. இன்றைக்கு அந்த இரண்டு பாடகர்களைப் பற்றி உலகத்தில் எங்கேயோ ஒரு மாணவர் படிக்கிறார் என்றால், அன்றைக்கு ஒருவர் பெயரையும் ஊரையும் குறித்து வைத்ததுதான் காரணம்.

உரிமை விஷயம் சிக்கலானது, ஆனாலும் பேச வேண்டும். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆக, சுந்தராம்பாளின் முப்பதுகளின் தட்டுகளுக்கு ஒலிப்பதிவு உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு. 1985இல் வந்த ஒரு உடுக்கைப் பாட்டுக் கேசட்டுக்கோ 2045 முடியும் வரை உரிமை இருக்கிறது. போட்ட கம்பெனி எப்போதோ மூடியிருக்கும், முதலாளி யாரென்று தெரியாது, அனுமதி கேட்க ஆள் இல்லை. நிகழ்த்துகிற கலைஞருக்கென்று ஒரு உரிமை நம் சட்டத்துக்குள் வந்ததே 1994 திருத்தத்தில்தான். அதற்கு முன் பாடியவர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதோடு சரி. 2045 வரை டேப் காத்திருக்குமா? நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத டேப். உள்ளே இருக்கும் பஞ்சுத் துண்டின் பசை விட்டுப்போகும், பூஞ்சை பிடிக்கும், ஸ்பூலில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்புச்சி வீட்டிலிருந்து எடுத்துவந்த உடுக்கைக் கேசட் ஒன்றை டிஜிட்டலாக மாற்ற ஒரு கடையில் கொடுத்தேன். இரைச்சலே இல்லாமல் பளிச்சென்று கொடுத்தார்கள். அதில் உடுக்கையும் இல்லை. கயிறு இறுகும்போது வரும் அந்தக் கூர்மையான ஓசை எல்லாம் இரைச்சல் என்று மென்பொருள் வழித்தெடுத்துவிட்டது. செய்தவருக்கு உடுக்கை எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். கருவியைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்லாமல் ஒரு கேசட்டையும் சுத்தம் செய்யக் கூடாது என்பது என் கறாரான கருத்து.

சேகரிப்பாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அரிய கேசட், அரிய தட்டு என்று வைத்திருப்பவர்களில் சிலர் பிரதி எடுக்கவே விடுவதில்லை. எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் மதிப்புப் போய்விடும் என்கிறார்கள். உங்களிடம் இருப்பது கடைசிப் பிரதியாக இருந்தால், அந்த அலமாரியில் கரையான் ஏறும் அன்று அந்தப் பாட்டு முடிந்தது. அவர்கள் தேடி அலைந்ததற்கு எனக்கு மரியாதை உண்டு. வாங்கியதற்கு மேல் காசு கேட்டாலும் தப்பில்லை. பூட்டி வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

பணம் ஒரு தடையே இல்லை. நம்ம திருப்பூரிலும் ஈரோட்டிலும் கோவையிலும் ஒரு பெரிய கல்யாணத்தின் மேடை அலங்காரச் செலவில் ஒரு நல்ல மறுவெளியீட்டைக் கொண்டுவரலாம். தட்டாகத்தான் வர வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு சின்னப் புத்தகம், அதில் பாடியவர்களின் படம், ஊர், யாரிடம் கற்றார்கள் என்ற விவரம், முழுப் பாட்டின் வரிகள், கூடவே நல்ல தரத்தில் ஒலி. முதல் காசோலை பாடியவர் வீட்டுக்கு. அவர் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு.

அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பரணில் கேசட் கிடந்தால் குப்பைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆசையில் உடனே பழைய டேப்ரெக்கார்டரில் போட்டு ஓடவும் விடாதீர்கள், டேப் சிக்கிக்கொள்ளும். அட்டையின் இரண்டு பக்கத்தையும், கேசட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். அப்புறம் வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, இதில் உடுக்கை அடித்தது யார், எந்த ஊர்க்காரர் என்று கேட்டு, அட்டையின் பின்னாலேயே எழுதி வையுங்கள். எனக்கு அனுப்பினாலும் சரி, உங்களிடமே வைத்துக்கொண்டாலும் சரி.