ஆஞ்சி டெபோவின் நூலை அமெரிக்க அரசு தடை செய்ததா?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில வரலாற்றாசிரியர் ஆஞ்சி டெபோ அமெரிக்கப் பழங்குடிப் பெண், அவர் எழுதிய 'And Still the Waters Run' நூலை அமெரிக்க அரசு தடை செய்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அவர் 1890இல் கான்சஸில் பிறந்த வெள்ளையர். 1899இல் குடும்பம் கூண்டு வண்டியில் ஓக்லஹோமாவின் மார்ஷல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. எண்ணெய் நிலம் வைத்திருந்த பழங்குடிக் குழந்தைகளுக்குச் சட்டப்படி 'காப்பாளர்' ஆகி, அவர்கள் சொத்தைச் சுருட்டியவர்களை அந்த நூலில் பெயர் சொல்லி எழுதினார். அந்தப் பெரிய மனிதர்களில் சிலர் அப்போதும் செல்வாக்கோடு இருந்தார்கள். பயந்துபோன ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1937இல் நூலை வெளியிடாமல் பின்வாங்கியது. அரசுத் தடை எதுவும் இல்லை. அப்புறம் 1940இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. நடந்ததே போதுமான அளவு கசப்பு, மசாலா எதற்கு?

ஓக்லஹோமா வரலாற்றுக் கழகத்தின் இணையக் கலைக்களஞ்சியத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.