ஊருக்கு எப்போது போகிறாய்?

இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் படித்த காலத்தில் என் பக்கத்தில் அமர்ந்தவன் இலங்கை அகதிகள் முகாம் பையன். வகுப்பில் எங்களைப் போலவே ‘பேசுவான்’. அவனுடைய அம்மா பள்ளி வாசலுக்கு வந்துவிட்டால் இலங்கைத் தமிழில் ‘கதைப்பான்’. எங்களுக்கு அது வேடிக்கை. பத்து வயதில் ஒரு பிள்ளை தன் தமிழைச் செருப்புப் போல வாசலில் கழற்றி வைக்கப் பழகியிருந்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த முகாமின் கதையே விசித்திரமானது. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம். 1983 கலவரத்துக்குப் பின் எதிர்த்திசையில் தப்பி வந்தவர்களுக்கும் அதுவே வாசலாயிற்று. அப்படி வந்தவர்களில் அன்று தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு.

என் நண்பன் முகாமிலேயே பிறந்தவன். ஆனால் 1987 ஜூலை முதல் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை வேண்டுமென்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தாக வேண்டும். குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தத்திலோ இலங்கையின் பெயரே இல்லை. 2021இல் அகதிகள் முகாம் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. நல்ல பெயர்தான், மறுக்கவில்லை. பெயர்ப்பலகையை மாற்றியவர்கள் டெல்லியில் சட்டத்தை மாற்ற முடியாது என்பதும் தெரியும்.

சட்டத்துக்கும் எட்டாத துயரம் ஒன்றைப் போன வருடம் பார்த்தேன். நண்பனின் அப்பா காலமாகி முப்பத்தோராம் நாள். அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள், அந்தியேட்டி என்னும் அந்த நாள் சடங்கு என்றால் அங்கே கீரிமலைக் கடலோரம்தான். இங்கே இராமேஸ்வரம் அக்கினி தீர்த்தத்தில் செய்தார்கள். காசியிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடிவந்து முழுகும் கடல் அது. அந்த அம்மாவுக்கு மட்டும் அது மாற்று ஏற்பாடு. சடங்கு முடியும்வரை “கீரிமலையில் என்றால்…” என்று தொடங்கித் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிண்டம் கரைத்த மகனோ கீரிமலையைக் கண்ணால் கண்டதில்லை. தாய் ஏங்கும் ஊருக்காக அவனால் ஏங்க முடியவில்லை. ஏங்கவில்லையே என்ற குற்றவுணர்வு வேறு.

‘போர்தான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் போகவில்லை?’ என்று இங்கே சாதாரணமாகக் கேட்கிறார்கள். 2009இல் போர் முடிந்தது உண்மை. 2022இல் பசிக்குப் பயந்து கிளம்பிவந்தவர்களைப் படகோட்டிகள் தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனதும் உண்மை. இங்கே பிறந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது, என்னைப் பொறுத்தவரை, அநாகரிகம்.

நானும் யோக்கியன் இல்லை. அன்று அந்தியேட்டி முடிந்து கரையேறியதும், நண்பனிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று, “ஊருக்கு எப்போது போகிறாய்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவன் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, “நாலரை பஸ்ஸுக்கு” என்றான். “இன்று முகாமில் கணக்கெடுப்பு. அதற்குள் மண்டபம் போய்ச் சேர வேண்டும்.”